சாவி யாருகிட்ட இருக்கு? - நாயை விட்டுட்டு ஊருக்குப் போறவங்களுக்காக ஒரு சின்ன வரலாறு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கங்க.

நமக்குச் சொந்த ஊர் சிவகிரி. சங்கரன்கோவில் பக்கம்னு சொன்னா சிலருக்குத் தெரியும், ராஜபாளையத்துக்குத் தெக்கன்னு சொன்னா இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரியும். பொழப்பு சென்னையில, பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள. கூட இருக்கிறது வெள்ளையன். ராஜபாளையம் நாய். 2005 ஜனவரியில தபால் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் போட்டாங்களே, அதுல ஒண்ணு. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் கலர். இந்த இனத்துல ஒரு குறை உண்டு. வெள்ளை நிறத்தோட சேர்ந்தே வர்ற பிறவிச் செவிடு, சில குட்டிகளுக்கு இருக்கும். வெள்ளையனுக்கு ரெண்டு காதும் கேக்காது. அதனாலதான் யாரும் வாங்காம எங்கிட்ட வந்து சேர்ந்தான். கையைக் காட்டினாத்தான் வருவான். தரையைத் தட்டினா திரும்பிப் பார்ப்பான்.

2023 டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரி சொந்தத்துல ஒரு விசேஷத்துக்காக ஊருக்குக் கிளம்பினேன். வெள்ளையனைப் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு போர்டிங்ல விட்டேன். பேரு வேண்டாம். அந்த இடத்தை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன்னு கேட்டா இன்னைக்கு எனக்கே வெக்கமா இருக்கு. ஏசி இருந்துச்சு. மொபைல்ல பாக்குற மாதிரி கேமரா இருந்துச்சு. ஃபோட்டோ எல்லாம் பளிச்னு இருந்துச்சு. அவ்ளோதான்.

அடுத்த ரெண்டு நாள் என்ன ஆச்சுன்னு சென்னைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரியும் 4ஆம் தேதி முழுக்கவும் ஊத்தித் தள்ளுச்சு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் எல்லாம் தண்ணிக்குள்ள. 4ஆம் தேதி காலையில கேமராவைத் திறந்தேன். தரை பளபளன்னு இருந்துச்சு. ஏதோ கழுவி விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அரை மணி நேரம் கழிச்சு மறுபடி திறந்தா படமே இல்ல. போன் போட்டா சுவிட்ச் ஆஃப்.

கல்யாண வீட்டுல பந்தி நடக்குது, நான் மொட்டை மாடியில நின்னு டயல் பண்ணிட்டே இருக்கேன். ஆச்சி மேல ஏறி வந்துச்சு. விஷயத்தைச் சொன்னேன்.

"நாய்க்குக் காசு குடுத்தா விட்டுட்டு வந்த? சரி போவுது. ஏலே, ஒரு ஆபத்துன்னா என்னல செய்வன்னு அவன்ட்ட கேட்டியா?"

கேக்கல. டிஃபன் எத்தனை வேளை, வாக்கிங் எத்தனை தடவைன்னு கேட்டேன். இதை மட்டும் கேக்கல.

நான் செய்யுற வேலையே இதுதான்ங்கிறது இதுல பெரிய கொடுமை. எங்க ப்ராஜெக்ட்ல டிஆர் ப்ளான்னு ஒண்ணு உண்டு. டி.ராஜேந்தர் இல்லீங்க, டிசாஸ்டர் ரெக்கவரி :-) சென்னையில இருக்குற சர்வர் மூழ்கிப்போனா வேலை எந்த ஊர்ல தொடரும், யாரு போன் எடுப்பா, பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கும்னு முப்பது பக்கம் எழுதி வச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒத்திகையும் பாப்போம். யாரோ ஒரு அமெரிக்கக் கம்பெனியோட டேட்டாவுக்கு அம்புட்டு ஏற்பாடு. வீட்டுல கூடவே படுத்துக் கெடக்குற ஜீவனுக்கு ஒரு வரி கூட இல்ல.

6ஆம் தேதி சாயங்காலம்தான் போன் வந்துச்சு. அங்க வேலை பாக்குற பையன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன், இருபது வயசு இருக்கும். "அண்ணா, வெள்ளையன் நல்லா இருக்கான்ணா. மாடியில இருக்கோம்ணா"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. "ஒண்ணை மட்டும் எடுக்க முடியலண்ணா"ன்னான்.

அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி, ஆச்சி கேட்ட அந்தக் கேள்விய இதுக்கு முன்னால யாரெல்லாம் கேட்டிருக்காங்க, கேக்காம விட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். கிடைச்சதை எல்லாம் இங்க கொட்டுறேன்.

லண்டன், 1939

1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மேல போர் அறிவிச்சுது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வான்தாக்குதல் நடந்தா மிருகங்களை என்ன செய்யுறதுன்னு ஆலோசனை சொல்ல ஒரு கமிட்டி போட்டிருந்தாங்க. அந்தக் கமிட்டி ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டுச்சு. முடிஞ்சா முன்கூட்டியே நாட்டுப்புறத்துக்கு அனுப்பிடுங்க. அக்கம்பக்கத்துல யாரும் பாத்துக்க முடியாதுன்னா கொன்னுடறதுதான் கருணை. சுருக்கமா விஷயம் இதுதான். கூடவே நாயைச் சுடுற கைத்துப்பாக்கிக்கு விளம்பரம் வேற.

ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? கால்நடை ஆஸ்பத்திரி வாசல்ல வரிசை கட்டி நின்னாங்க. ஹில்டா கீன்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் இதைப் பத்தி 2017ல தனிப் புத்தகமே போட்டிருக்காங்க. லண்டன்ல மட்டும் முதல் வாரத்துல சுமார் 4 லட்சம் நாய், பூனைகள். ஊர்ல இருந்த நாய் பூனைகள்ல கால்வாசிக்கு மேல.

இதுல மனசை அறுக்குற விஷயம் என்னன்னா, அந்த வாரம் லண்டன் மேல ஒரு குண்டு கூட விழல. பெரிய குண்டுவீச்சு ஆரம்பிச்சது 1940 செப்டம்பர் 7. அதாவது முழுசா ஒரு வருஷம் கழிச்சு. அந்த 4 லட்சமும் குண்டுல சாகல. என்ன செய்யுறதுன்னு தெரியாத பயத்துல செத்துச்சு.

அதே ஊர்ல வேற மாதிரி யோசிச்சவங்களும் இருந்தாங்க. பேட்டர்சீ நாய்கள் காப்பகம் போர் முழுக்க மூடவே இல்ல. ஹாமில்டன் சீமாட்டி, வில்ட்ஷயர்ப் பக்கம் இருந்த தன்னோட பண்ணையை அடைக்கலமாத் திறந்துவிட்டு, லண்டன்ல இருந்து நாய் பூனைகளை அங்க கொண்டுபோனாங்க. லண்டன் மிருகக்காட்சி சாலைக்கு விப்ஸ்னேடுன்னு ஒரு கிராமத்துல இன்னொரு இடம் 1931ல இருந்தே இருந்துச்சு. யானைகளையும் பாண்டாக்களையும் அங்க மாத்தினாங்க. விஷப் பாம்புகளைக் கொன்னுட்டாங்க. எதுக்கு மாத்து இடம் இருந்துச்சோ அது பொழச்சுது. நம்ம பாஷையில சொன்னா, விப்ஸ்னேடுதான் டிஆர் சைட்.

சென்னை, 1942

இதே கதை நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பு மேல குண்டு போட்டுச்சு. அடுத்த நாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான்னு எல்லாரும் முடிவே கட்டிட்டாங்க. அவசியம் இல்லாதவங்க ஊரைக் காலி பண்ணுங்கன்னு அரசாங்கமே சொல்லுச்சு. ரயில் முழுக்கக் கூட்டம். ஆபீஸ்களை எல்லாம் உள்ளூர்ப் பக்கம் மாத்தினாங்க.

அப்போ சென்னை மிருகக்காட்சி சாலை வண்டலூர்ல இல்ல. வண்டலூர் 1985லதான் வந்துச்சு. 1855ல எட்வர்டு பால்ஃபர்ங்கிற டாக்டர் எழும்பூர் மியூசியத்துல ஆரம்பிச்சு வச்சது, அப்புறம் மூர் மார்க்கெட் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியிருந்துச்சு. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துடுமேன்னு பயந்து, மலபார் ஸ்பெஷல் போலீசைக் கூப்பிட்டு அங்க இருந்த ஆபத்தான மிருகங்களைச் சுட்டுக் கொன்னாங்க. கூண்டுக்குள்ளயே வச்சு.

ஜப்பான்காரன் வந்து இறங்கவே இல்ல.

இதுல யாரையும் வில்லனா காட்டணும்னு எனக்கு ஆசை இல்ல. அந்த நேரத்துல அந்த நாற்காலியில உக்காந்திருந்தா நாமளும் அதைத்தான் செஞ்சிருப்போமோ என்னவோ. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஆபத்து வர்ற அன்னைக்குத்தான் யோசிக்கிறதுன்னா, கையில ரெண்டே வழிதான் இருக்கும். விட்டுட்டு ஓடு, இல்ல கொன்னுடு. மூணாவது வழி வேணும்னா அதை முன்னாடியே போட்டு வச்சிருக்கணும்.

பிரிட்டன், 1963

பிரிட்டிஷ்காரன் 1963ல ஒரு சட்டம் போட்டான். காசு வாங்கிட்டு அடுத்தவங்க நாய் பூனையை வச்சுப் பாத்துக்கிற இடங்களுக்குன்னே தனிச் சட்டம். சின்னதுதான். லைசென்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கும். தங்குற இடம் சரியா இருக்கணும். தீனி, தண்ணி, படுக்கை. தொத்து வியாதி பரவாம இருக்க ஏற்பாடு, நோய் வந்ததைப் பிரிச்சு வைக்கத் தனி இடம். தீ விபத்தோ வேற அவசரமோ வந்தா காப்பாத்த ஏற்பாடு. கடைசியா ஒரு ரிஜிஸ்தர். என்ன நாய், என்னைக்கு வந்துச்சு, என்னைக்குப் போச்சு, சொந்தக்காரர் பேரு, முகவரி.

இங்கிலாந்துல 2018ல இதை எடுத்துட்டுப் புது விதிகள் கொண்டுவந்தாங்க. அதுல அவசரத் திட்டம் எழுத்துல இருக்கணும், அங்க வேலை பாக்குற எல்லாருக்கும் அது தெரிஞ்சிருக்கணும்னு இருக்கு. கட்டடம் இருக்க முடியாத நிலைக்குப் போனா மிருகங்களை எப்படி வெளிய கொண்டு வர்றதுன்னும் அதுல இருக்கணும். இன்னொரு விதி இருக்கு. எல்லாக் கூண்டுக்கும் சாவி வச்சிருக்குற ஒருத்தர் எந்நேரமும் கூப்பிட்டா வந்து சேர்ற தூரத்துல இருக்கணும்.

இந்த வரியைப் படிச்சப்போ நான் அதுக்கு மேல போகாம ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ஏன்னு கடைசியில தெரியும்.

நியூ ஆர்லியன்ஸ், 2005

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ்ல கரை உடைஞ்சு ஊரே முழுகிப் போச்சு. மீட்புப் படகுலயும் பஸ்லயும் மனுசங்க மட்டும்தான், நாய் பூனை கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு சின்னப் பையன் கையில இருந்து அவனோட நாயைப் பிடுங்கின செய்தி அப்போ உலகம் முழுக்கப் பரவுச்சு. நாயை விட்டுட்டு வரமாட்டேன்னு தண்ணிக்குள்ள இருந்துட்டவங்க நெறைய. நம்ம தருமர் சொர்க்க வாசல்ல நின்னு இந்திரன்கிட்ட சொன்ன அதே பதில்தான்.

அதுக்கு அடுத்த வருஷம், 2006 அக்டோபர் 6ஆம் தேதி, அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்துச்சு. மத்திய அரசோட பேரிடர் நிதி வேணும்னா, மாநிலங்கள் தங்களோட திட்டத்துல வளர்ப்பு மிருகங்களையும் சேர்த்தே ஆகணும். இரக்கப்பட்டு மட்டும் போட்ட சட்டம் இல்ல இது. நாயைக் காப்பாத்த வழி இல்லேன்னா மனுசனும் நகர மாட்டான்ங்கிற பாடத்தைப் படிச்சுப் போட்டது.

போர்டிங் இடத்துலயே விபத்து நடந்ததும் உண்டு. 2014 ஜூன்ல அரிசோனா மாநிலத்துல கில்பர்ட்ங்கிற ஊர்ல ஒரு போர்டிங்ல ராத்திரி ஏசி நின்னுபோய், ஒரே அறைக்குள்ள இருந்த இருபதுக்கும் மேற்பட்ட நாய்ங்க வெக்கை தாங்காம செத்துப்போச்சு. அதே வருஷம் செப்டம்பர் 11ஆம் தேதி இங்கிலாந்துல மான்செஸ்டர் நாய்கள் காப்பகத்துல தீ. அறுபது நாய் போச்சு. அக்கம்பக்கத்து ஆளுங்க உள்ள புகுந்து கூண்டைத் திறந்து விட்டதால நெறைய பொழச்சுது.

முதல்ல சொன்னது ராத்திரி நேரம்ங்கிறதைக் கவனிங்க.

நம்ம பக்கம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 செ.மீ. மழை. அடையாறு கரையில ரெண்டு மாடி வரைக்கும் தண்ணி. நான் அப்போ காலேஜ். டிவியில பாத்த காட்சி இன்னும் கண்ணுல நிக்குது. ஒரு வீட்டு கேட்டுல சங்கிலியோட ஒரு நாய், தண்ணிக்கு மேல தலை மட்டும் தெரிய நிக்குது. வீட்டுக்காரங்க கெட்டவங்களா இருக்கணும்னு இல்ல. சாயங்காலம் வந்துடலாம்னு நெனச்சுப் போயிருப்பாங்க.

2020 மார்ச் 24ஆம் தேதி ராத்திரி 8 மணிக்கு அறிவிச்சு 12 மணிக்கு ஊரடங்கு. நாலே மணி நேரம். கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் நாலு நாள்ல வந்துடுறேன்னு நாயை விட்டுட்டுப் பொண்டாட்டி ஊருக்குப் போனவர். ரயில் இல்ல, விமானம் இல்ல. உள்நாட்டு விமானமே மே 25லதான் திரும்ப ஓடுச்சு. ரெண்டு மாசத்துக்கு மேல அந்த நாயை அந்த போர்டிங் அம்மா பாத்துக்கிட்டாங்க. நல்ல மனசு. ஆனா தீனிக்கு என்ன செய்வாங்க, காசு எப்படி, நாய்க்கு உடம்பு சரியில்லேன்னா யாரு முடிவெடுக்கிறதுன்னு முன்னாடியே ஒரு பேச்சும் இல்ல.

அப்புறம் 2023. மிக்ஜாம் முடிஞ்சு ரெண்டே வாரத்துல, டிசம்பர் 17, 18ல நம்ம தென் மாவட்டத்துல பேய் மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோட மாட்டிக்கிச்சு. சென்னைதான் மூழ்கும், நம்ம ஊர் மேடுன்னு இருந்த நெனப்பு அன்னைக்குப் போச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்தேன். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, மிருகம் யாரு பொறுப்புல இருக்கோ அவங்கதான் அதோட நலனுக்கும் பொறுப்புன்னு இருக்கு. நாய் இனப்பெருக்கம் செஞ்சு விக்கிறவங்களுக்கு 2017ல விதி வந்துச்சு. பெட் ஷாப்புக்கு 2018ல வந்துச்சு. ரெண்டுமே விக்கிறதைப் பத்தி. பிரிட்டன்ல 1963ல போட்ட அந்தப் பட்டியல் மாதிரி ஒண்ணை இங்க நாமதான் கையில வச்சுக்கிட்டுப் போகணும்.

நான் போட்ட பட்டியல்

மேல சொன்ன கதைகள்ல இருந்து எடுத்தது இது.

தரை மட்டம்: கட்டடம் எங்க இருக்கு, 2015லயும் 2023லயும் அந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி நின்னுச்சு? போர்டிங்காரர்கிட்ட கேக்காதீங்க, எதிர்த்த டீக்கடையில கேளுங்க. மாடிக்கு நாய் ஏறிப் போக வழி இருக்கா?

ராத்திரி யாரு: பகல்ல பத்துப் பேர் இருக்கிறது பெரிசில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள்ள படுத்திருக்கிறது யாரு? அந்த ஆளோட போன் நம்பர் என்ன?

மாத்து இடம்: இங்க இருக்க முடியலேன்னா எங்க கொண்டு போவீங்க? எதுல? வண்டி சொந்தமா இருக்கா?

கரண்ட்: மே மாசம் பவர் கட் ஆனா என்ன? நாய்க்கு நம்மள மாதிரி வேர்த்து உடம்பு குளிராது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். அதோட உடம்புச் சூடு சாதாரணமாவே 101, 102 டிகிரி. 106ஐத் தாண்டினா உயிருக்கே ஆபத்து. அடைச்ச அறையில ஏசி நின்னா அந்த அறைதான் எமன். ஜன்னல் இருக்கான்னு பாருங்க.

டாக்டர்: எந்த டாக்டர், எத்தனை மணி வரைக்கும், எத்தனை கிலோமீட்டர்? நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து உண்டு. வாந்தி வர்ற மாதிரி ஓங்கரிக்கும், ஒண்ணும் வராது, வயிறு கல்லு மாதிரி ஆயிடும். சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலேன்னா உயிர் தங்காது. காலையில பாத்துக்கலாம்ங்கிற பேச்சே கிடையாது. அது அவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க.

தடுப்பூசிச் சீட்டு: அவங்க கேக்கலேன்னா அந்த இடமே வேண்டாம். பார்வோ வைரஸ் 1978 வாக்குல உலகம் முழுக்கக் கிளம்பின நோய். ஒரு நாய்க்கு வந்துட்டா அந்தத் தரையிலயே மாசக்கணக்குல உயிரோட இருக்கும். ப்ளீச்சிங் போட்டுக் கழுவணும். நோய் வந்த நாயைத் தனியா வைக்க ஒரு அறை இருக்கான்னு கண்ணால பாருங்க.

எழுத்து: என் போன் எடுக்கலேன்னா அடுத்து யாருக்குப் போன் பண்ணணும், எவ்வளவு ரூபா வரைக்கும் கேக்காம வைத்தியம் பாக்கலாம், ஆபரேஷனுக்கு என் சம்மதம், இது மூணையும் ஒரே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கழுத்துப் பட்டையில போன் நம்பர். வெள்ளையன் பட்டையில "காது கேக்காது"ன்னும் எழுதியிருக்கேன். தண்ணிக்குள்ள பேரைச் சொல்லி ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் அவன் வரமாட்டான்.

கடைசிக் கேள்வி, சாவி.

அந்த ஒம்போதாவது கூண்டு

7ஆம் தேதி போய்ச் சேர்ந்தேன். தெருவுல இன்னும் முட்டியளவு தண்ணி. மாடியில ஒரு தார்ப்பாய்க்குக் கீழ எட்டு நாய். வெள்ளையன் என்னைப் பாத்ததும் கத்தல, ஓடியும் வரல. வந்து என் கால் மேல சாஞ்சு நின்னான். நடுக்கம் மட்டும் நிக்கவே இல்ல.

அந்தத் தம்பி நடந்ததைச் சொன்னான். விடியக்காலம் தண்ணி உள்ள வர ஆரம்பிச்சிருக்கு. முதலாளிக்குப் போன் போகல. ஒத்தை ஆளா ஒவ்வொரு கூண்டாத் திறந்து ஒண்ணொண்ணா மாடிக்குத் தூக்கியிருக்கான். "வெள்ளையன் மட்டும் கூப்பிட்டா வரலண்ணா, அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, கையைக் காட்டினேன், உடனே வந்துட்டான்"னான். நான் விடும்போது ஏதோ பேச்சுவாக்குல சொன்னது அது. சொல்லாம விட்டிருந்தா?

ஒம்போது நாய்ல எட்டுக் கூண்டுக்கு வெறும் கொக்கி. ஒம்போதாவதுல ஒரு வயசான லாப்ரடார். அது கொக்கியை மூக்கால தள்ளித் திறந்து வெளிய வந்துடுமாம். அதனால முதலாளி பூட்டுப் போட்டிருக்கார். சாவி அவரோட வண்டிச் சாவிக் கொத்துல, அவர் வீட்டுல. தம்பி செங்கல்லால அடிச்சிருக்கான், கம்பியை வளைக்கப் பாத்திருக்கான். உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு துணி சுத்தியிருந்துச்சு.

கீழ இறங்கி அந்தக் கூண்டைப் பாத்தேன். பூட்டு அப்படியே தொங்குது. ஐம்பது ரூபா பூட்டு.

அந்த லாப்ரடாரோட வீட்டுக்காரங்க மூணு நாள் கழிச்சு வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்களும் என்னைய மாதிரிதான் ஏசியும் கேமராவும் பாத்து விட்டிருப்பாங்க. அதுக்கு மேல அதைப் பத்தி யோசிக்க எனக்குத் தைரியம் இல்ல.

அந்த இடத்துல திட்டம்னு ஒண்ணு இல்லவே இல்ல. இருந்தது அந்தத் தம்பி மட்டும்தான். எங்க தொழில்ல இதைச் சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்னு சொல்லுவோம். அன்னைக்கு அவன் லீவுல போயிருந்தா ஒம்போதும் போயிருக்கும். ஒரு மனுசனோட நல்ல குணத்தை நம்பி ஒரு ஏற்பாடு ஓடுதுன்னா, அந்த மனுசனைக் கும்பிடணும், ஏற்பாட்டை மாத்தணும்.

அந்தத் தம்பி இப்போ அங்க இல்ல. ஊர்ப் பக்கமே ஒரு மாட்டுப் பண்ணையில இருக்கான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் பண்ணுவேன். வெள்ளையன் எப்படி இருக்கான்ணான்னுதான் முதல்ல கேப்பான்.

அதுக்கப்புறம் வந்த பொங்கலுக்கு நாலு இடம் போய்ப் பாத்தேன். மூணு இடத்துல என் பட்டியலைப் பாத்துச் சிரிச்சாங்க. ஒருத்தர் "சார், இது நாய் சார்"னு சொன்னார். நாலாவது இடம் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வீடு. ஏசி இல்ல, கேமரா இல்ல. மொத்தமே நாலு நாய்தான் வாங்குவாங்க. ராத்திரி யாரும்மா இருப்பாங்கன்னு கேட்டேன். "நான்தாம்ப்பா, இது என் வீடு"ன்னாங்க. சாவின்னு ஆரம்பிச்சேன். கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. எந்தக் கதவுலயும் பூட்டு இல்ல. வாசல் கேட்டுச் சாவி மட்டும் ரெண்டு. ஒண்ணு அவங்க இடுப்புல, இன்னொண்ணு எதிர்வீட்டுல.

ஊருக்கு வந்ததும் ஆச்சி கேட்டுச்சு, "இந்தத் தடவையாவது கேட்டியால?"

"கேட்டேன் ஆச்சி."

"என்ன சொன்னாவ?"

சொன்னேன். ஆச்சி வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு, "அப்பம் சரி. சாப்பிட வா"ன்னு எந்திரிச்சுப் போச்சு.